12 வயதுப் பிள்ளையும் மருந்தாளரிடம் கேட்கலாம்

"18 வயதுவரை பிள்ளைகள் மருந்தாளரிடம் தனியாகப் பேச முடியாது, மருந்தை எடுத்துக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. தென்னாப்பிரிக்காவின் 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, 12 வயதைத் தாண்டிய பிள்ளை, விவரம் புரியும் முதிர்ச்சி இருந்தால், தன் சிகிச்சைக்குத் தானே ஒப்புதல் தரலாம். அறுவை சிகிச்சைக்கு மட்டும் பெற்றோர் துணை நிற்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் என் அக்கா மகளுக்கு ஆஸ்துமா. மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கும் அம்மா, "இன்ஹேலரை எப்படி இழுக்கிறாய், காட்டு" என்றார். இவள் அழுத்தி முடித்த பிறகே மூச்சை இழுத்தாள். மருந்து நாக்கிலேயே தங்கிவிட்டது. அழுத்தும்போதே மெதுவாக இழுத்து, 10 விநாடி அடக்கி, ஸ்டீராய்டு மருந்தானால் வாய் கொப்பளித்துத் துப்பவும் கற்றுக்கொடுத்தார். தோழிகள் முன் இன்ஹேலரை எடுக்கக் கூச்சமாக இருக்கிறது என்பதை அவரிடம்தான் முதலில் சொன்னாள், எங்களிடம் அல்ல. தயவுசெய்து பிள்ளைகளைத் தடுத்துவிடாதீர்கள், அண்ணா.