அந்த வீடியோ பற்றி ஒரே ஒரு தடவை பேசிவிடுகிறேன்

எந்த வீடியோ என்று கேட்காதீர்கள். மூன்று நாளாக எனக்கு அனுப்பிக்கொண்டிருப்பதே நீங்கள்தான். முன்னாள் ராணுவக்காரர் ஒருவர் மீட்கப்பட்ட குதிரையின் வயிற்றில் தலைசாய்த்து நிற்கிறார். பின்னணியில் வயலின். கீழே, "உடைந்த மனிதனைக் குணமாக்கும் உடைந்த குதிரை."

நான் போகும் லாயம்தான் அது. அவர் என் நண்பர்தான். ஐயா, அவர் அழவில்லை. குடல் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்தார். சத்தம் அடங்கினால் வயிற்றுவலி வரப்போகிறது என்று பயப்பட வேண்டும். குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது.

அங்கே நோயாளி குதிரை. முன்னாள் ராணுவக்காரர்களான நாங்கள் வேலை பார்ப்பவர்கள். இதை எத்தனை தடவை சொல்வது?

அந்தக் குதிரை, அவள், வந்தபோது விலா எலும்பை எண்ணிவிடலாம். பட்டினி கிடந்த குதிரைக்கு இரக்கப்பட்டுத் தானியத்தை அள்ளிப்போட்டால், ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் மளமளவென்று இறங்கி இதயமே நின்றுபோகலாம். அதனால் முதல் சில நாள் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக்கிலோ குதிரை மசால் என்ற தீவனம், அவ்வளவுதான். இரவு 2 மணிக்கும் அதே அரைக்கிலோ. அந்த 2 மணி முறைக்கு எங்களை விட்டால் ஆள் கிடைக்காது. காவல் நின்று பழகிய உடம்பு, படுத்தாலும் தூக்கம் வராது. இதில் மந்திரம் எங்கே வந்தது?

"மனிதனே பட்டினி கிடக்கும்போது குதிரைக்கு எதற்கு?" என்று வீடியோவுக்குக் கீழே ஒருவர். அவர் எத்தனை பேருக்குச் சோறு போட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வை இணைத்திருந்தார். சரி, படித்தேன். போரின் மனக்காயம் உள்ள 63 முன்னாள் வீரர்கள், வாரம் ஒருமுறை, 8 வாரம். ஏறக்குறைய பாதிப் பேருக்கு நல்ல முன்னேற்றம். மறுக்கவில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, குதிரைப் பக்கமே போகாத இன்னொரு குழு அதில் கிடையாது. மனநல நிபுணர் ஒருவர் கூடவே இருந்துதான் நடத்தினார்கள். குதிரையைக் கட்டிவிட்டு நிபுணரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று அதில் எங்கும் எழுதவில்லை.

"அங்கே போனால் மனசு லேசாகிறது என்று நீயே எழுதினாயே?" எழுதினேன். தோட்டத்தில் களை பிடுங்கினாலும்தான் லேசாகும்.

இல்லை, அது முழு உண்மை இல்லை. குதிரை, மற்ற விலங்குகள் வேட்டையாடும் இரைவிலங்கு. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும், நேர் பின்னால் தெரியாது. அதனால் பின்பக்கமாகப் போகாதே, குரல் கொடுத்துவிட்டுப் போ என்பதுதான் லாயத்தில் முதல் பாடம். என்னையும் பின்னாலிருந்து தொடாதீர்கள் என்று வீட்டில் வாய்திறந்து சொல்ல எனக்கு 4 வருஷம் ஆனது. அவள் விஷயத்தில் முதல் நாளே எல்லோரும் அதைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

அப்புறம் இந்த 'வீரர்களுக்கு வணக்கம்' கூட்டம். முதல் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் எகிப்தில் தன் குதிரைகளை விற்றுவிட்டு வந்தது. 1930-ல் கெய்ரோவுக்குப் போன டோரதி புரூக் என்ற பெண்மணி, அவை எலும்பும் தோலுமாக வண்டி இழுப்பதைப் பார்த்தார். பணம் திரட்டி, சில வருஷத்தில் சுமார் 5,000 விலங்குகளை வாங்கினார். பெரும்பாலானவற்றுக்கு அவரால் தர முடிந்தது வலியில்லாத சாவு மட்டும்தான். அதற்கு யாரும் வயலின் வாசிக்க மாட்டார்கள். வேலை முடிந்தபின் என்ன மரியாதை கிடைக்கும் என்பது எங்களுக்கும் தெரியும், குதிரைக்கும் தெரியும்.

நான் ஊர் திரும்பியபோது ஒருத்தர்கூட எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. "எத்தனை பேரைச் சுட்டாய்?" என்று கேட்டார்கள். இப்போது அதே ஆட்கள்தான் இதயப் படம் போடுகிறார்கள். போடுங்கள்.

அந்த வீடியோவில் அவளுக்கு 'நம்பிக்கை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் அவளை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவோம். அவளும் அதற்குத்தான் காதைத் திருப்புவாள்.