பள்ளிக்கூடத்தைப் பூட்டச் சொல்லிக் கேட்பதற்கு முதல்

மழை தொடங்கியதிலிருந்து திருகோணமலையில் எந்த வீட்டை விசாரித்தாலும் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னொரு பிள்ளைக்கு இருமல், இன்புளுவன்சா என்கிற புளூ காய்ச்சல்தான். உப்புவெளி, பாலையூற்று, அன்புவழிபுரம் என்று தெரிந்த ஆட்கள் எல்லாரும் இதைத்தான் கதைக்கிறார்கள். இதற்குள் "நாளை முதல் பாடசாலைகளுக்கு விடுமுறை" என்று ஒரு கடிதம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, அதில் கையெழுத்தும் இல்லை, திகதியும் இல்லை. அதற்குக் கீழே ஒரு பக்கம் ஏன் இன்னும் பூட்டவில்லை, பிள்ளைகளுக்கு ஏதாவது நடந்தால்தான் பூட்டுவீர்களா என்று கேட்கிறார்கள், மற்றப் பக்கம் கொரோனாவில் பிள்ளைகளின் படிப்பு போனது போதும், திரும்பவும் பூட்டாதீர்கள் என்கிறார்கள். நான் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறவள், எனக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது, அதனால் இந்த இரண்டு பயமும் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனாலும் என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் உள்ள பிள்ளை வீட்டில் நிற்பதற்கு வழி செய்யாமல் மாவட்டம் முழுக்கப் பள்ளிக்கூடங்களைப் பூட்டி ஒரு பயனும் வராது.

ஏன் என்றால் இன்புளுவன்சா கட்டிடத்தில் இருக்கிற நோய் இல்லை, பிள்ளையோடு சேர்ந்து நடக்கிற நோய். தொற்றி ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் காய்ச்சல் காட்டும், காய்ச்சல் காட்டுவதற்கு ஒரு நாள் முன்பே மற்றவர்களுக்குப் பரவத் தொடங்கிவிடும், பிறகு ஐந்து ஏழு நாள் வரைக்கும் பரவும், சின்னப் பிள்ளைகளில் இன்னும் கூடுதலாகவும் இழுக்கும். இந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்றால் என்ன செய்யும்? பின்னேரம் டியூசனுக்குப் போகும். ஒரு மண்டபத்துக்குள் நெருக்கி அடித்துக்கொண்டு எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள், மழைக்கு யன்னலும் சாத்தியிருக்கும். டியூசன் இல்லாத பிள்ளை அம்மம்மா வீட்டுக்குப் போகும். அம்மம்மாவுக்குச் சீனி வருத்தமும் நெஞ்சு வருத்தமும் இருக்கும், இன்புளுவன்சா மோசமாக அடிப்பது அப்படிப்பட்டவர்களைத்தான். கர்ப்பிணித் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் அதே போல. விடுமுறை விட்டோம் என்ற பெயரில் நோயை அவர்களிடம் கொண்டுபோய் விடுவதாக அது முடியலாம்.

எங்கள் மாவட்டத்தில் பலருக்கு 2017 நினைவில் இருக்கும். அந்த மார்ச்சில் கிண்ணியாவை டெங்கு உலுக்கியது, பாடசாலைகளைச் சில நாட்கள் மூடினார்கள். அந்த வருடம் நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது, நானூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது பள்ளிக்கூடத்தை மூடியதற்கு ஒரு அர்த்தம் இருந்தது. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிறது, பள்ளி வளவில் தண்ணீர் தேங்கியிருந்தால் அங்கேயே பெருகுகிறது, பிள்ளைகளை அகற்றிவிட்டு வளவைத் துப்புரவாக்கிப் புகை அடிக்கலாம். "டெங்குக்கு மூடினார்கள்தானே, இதற்கு ஏன் மூடவில்லை" என்று கேட்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இன்புளுவன்சாவுக்குப் புகை அடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அதற்காக எப்போதுமே மூடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 2018 மே மாதம் தென் மாகாணத்தில் சின்னப் பிள்ளைகளுக்குள் இன்புளுவன்சாவும், அதே மாதிரிக் காய்ச்சலும் இருமலும் தருகிற அடினோ வைரசும் பரவி, பிள்ளைகள் இறந்து, ஆஸ்பத்திரி வார்டுகள் நிரம்பின. அங்கே கீழ் வகுப்புகளைச் சில நாட்கள் நிறுத்தினார்கள். நிலைமை அப்படி வந்தால் யாரும் தயங்கத் தேவையில்லை. ஆனால் அது அந்த மாகாணத்தில், அந்த வயதுப் பிள்ளைகளுக்கு, ஒரு காரணத்தோடு எடுத்த முடிவு.

1918ஐயும் எடுத்துப் பாருங்கள். அந்த இன்புளுவன்சா இலங்கைக்குள் கொழும்பு வழியாகவும் தலைமன்னார் வழியாகவும் நுழைந்து ஏறக்குறைய மூன்று இலட்சம் உயிர்களைக் கொண்டுபோனது என்று பிற்கால ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் பெரும்பாலான நகரங்கள் பள்ளிகளை மூடியபோது நியூயோர்க்கும் சிக்காகோவும் மூடவில்லை. நெருக்கடியான வீடுகளுக்குள் பிள்ளைகள் அடைந்து கிடப்பதை விட, ஆசிரியரும் தாதியும் பார்க்கக்கூடிய இடத்தில் இருப்பது நல்லது என்று நியூயோர்க் அதிகாரிகள் நினைத்தார்கள். ஒவ்வொரு நாளும் பிள்ளைகளைப் பார்த்து, சுகமில்லாத பிள்ளையைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் ஊரில் அவ்வளவு தாதிமார் இல்லை, தெரியும். ஆனால் காலையில் வகுப்புக்குள் வந்ததும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிற ஆசிரியர்கள் இருக்கிறோம்.

ஜப்பானில் செய்வது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. ஒரு வகுப்பில் பல பிள்ளைகள் இன்புளுவன்சாவால் வரவில்லை என்றால் அந்த வகுப்பை மட்டும் சில நாட்கள் நிறுத்துகிறார்கள், பக்கத்து வகுப்பு நடக்கும். நோய் வந்த பிள்ளை, தொடங்கி ஐந்து நாள் கழிந்து, காய்ச்சல் விட்டும் இரண்டு நாள் ஆன பிறகுதான் திரும்பி வரலாம் என்று விதியே இருக்கிறது. முக்கியமாக, அந்த நாட்களை வராத நாட்களாக எண்ணுவதில்லை.

இங்கே நாங்கள் நேர் எதிராகத்தான் செய்துகொண்டிருக்கிறோம். ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளைக்குப் பரிசளிப்பு விழாவில் பரிசு கொடுக்கிறோம். உயர்தரப் பிள்ளைக்கு 80 வீத வரவு என்ற பயம். தவணைப் பரீட்சைக்கு வராவிட்டால் புள்ளி இல்லை. இப்படி எல்லாம் வைத்துவிட்டு, சுகமில்லாத பிள்ளையை ஏன் அனுப்புகிறீர்கள் என்று தாயைக் கேட்பது நியாயமா? காலையில் பெனடோல் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்த மருந்து நாலு, ஆறு மணித்தியாலம்தான் தாங்கும், இடைவேளை முடிந்து பார்த்தால் பிள்ளை மேசையில் தலை வைத்துப் படுத்திருக்கும், தொட்டால் கொதிக்கும். அதற்குள் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாருக்கும் போயிருக்கும். நான் அந்தத் தாய்மாரைக் குறை சொல்ல மாட்டேன். விடியவே வீட்டு வேலைக்கும் கடைக்கும் போகிறவர்கள், ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. கணவர் கடலுக்குப் போயிருப்பார். பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. சில பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுக்கிற சாப்பாடுதான் அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிடுகிற சாப்பாடு, முழு மாவட்டத்தையும் மூடச் சொல்கிறவர்கள் அந்தப் பிள்ளைகளையும் நினைக்க வேண்டும். 2020 மார்ச்சில் மூடியபோது போன் இல்லாத பிள்ளை, டேட்டா போட வழியில்லாத பிள்ளை எல்லாம் எப்படிப் பின்தங்கினார்கள் என்று எனக்குத் தெரியும். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாமல் மேல் வகுப்புக்கு வந்த பிள்ளைகளோடு எங்கள் ஆசிரியர்கள் இன்னும் கஷ்டப்படுகிறார்கள்.

அடுத்தது இந்தப் பயம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் சிலர் காய்ச்சலில் அடுத்தடுத்து இறந்தபோது "மர்மக் காய்ச்சல்" என்று எப்படிப் பரப்பினார்கள், ஞாபகம் இருக்கிறதா? சோதித்துப் பார்த்தால் எலிக்காய்ச்சல். நேரத்துக்கு மருந்து எடுத்தால் குணப்படுத்தக்கூடிய நோய். இப்போதும் சோதனை ரிப்போர்ட்டில் "இன்புளுவன்சா ஏ" என்று கண்டதும் புது நோய் வந்துவிட்டது என்று குரல் பதிவு அனுப்புகிறார்கள். 2009இல் பன்றிக் காய்ச்சல் என்று உலகத்தையே கலங்கவைத்த எச்1என்1, அதுவும் இந்த ஏ வகைதான், அது கூட இப்போது வருடா வருடம் வருகிற காய்ச்சல்களில் ஒன்றாகிவிட்டது. பயப்படுகிற சனத்தை நான் திட்டவில்லை. சரியான தகவல் நேரத்துக்கு வராத இடத்தில்தான் வதந்தி வந்து உட்காருகிறது. அறிவித்தல் வரும்போது தமிழில் பிந்தி வருவதும், சில நேரம் வராமலே போவதும் எங்களுக்குப் புதிதல்ல.

உண்மையில் பயப்பட வேண்டிய விசயம் வேறு. எங்கள் மாவட்டத்தில் இன்புளுவன்சாவும் டெங்குவும் ஒரே மழைக்காலத்தில்தான் வருகின்றன, முதல் இரண்டு நாள் இரண்டுக்கும் காய்ச்சலும் உடம்பு நோவும் ஒரே மாதிரித்தான் இருக்கும். "எல்லாருக்கும் வருகிற தடிமன் காய்ச்சல்தான்" என்று விட்டுவிடாதீர்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் என்றால் கட்டாயம் இரத்தம் சோதிக்க வேண்டும். பரசிட்டமோலைத் தவிர, புரூபன், டைக்லோபெனாக் மாதிரி நோவு மருந்துகளைக் கொடுக்க வேண்டாம், டெங்குவாக இருந்தால் இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. பாமசியில் நீங்களாகக் கேட்டு அன்டிபயோட்டிக் வாங்குவதும் வீண், அது வைரசுக்கு வேலை செய்யாது. பிள்ளை வேகமாக மூச்சு எடுத்தால், ஒன்றும் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், உதடு நீலம் பாரித்தால், சலம் போவது குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், விடியட்டும் என்று பார்க்காதீர்கள்.

வலயக் கல்விப் பணிமனையிடமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடமும் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. காய்ச்சலுக்கு நின்ற நாட்களை இந்தத் தவணை வரவில் கழிக்காதீர்கள், தவறவிட்ட பரீட்சையைத் திரும்ப எழுத விடுங்கள், முழு வரவுப் பரிசை இந்த வருடமாவது நிறுத்துங்கள். ஒவ்வொரு அதிபரும் வகுப்பு வாரியாக வராத பிள்ளைகளின் எண்ணிக்கையை அன்றன்றே அனுப்பட்டும், அதைப் பார்த்து எந்த வகுப்பை, எந்தப் பாடசாலையை நிறுத்துவது என்று முடிவெடுங்கள், அந்த முடிவைப் பின்னேரத்துக்கு முதல் தமிழிலும் சிங்களத்திலும் கையெழுத்தோடு வெளியிடுங்கள். ஒரு வகுப்பை நிறுத்தினால் அந்தப் பிள்ளைகளை டியூசனுக்கும் எடுக்கக்கூடாது என்று தனியார் வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் சொல்லுங்கள், சொல்லி விட்டுவிடாமல் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) போய்ப் பார்க்கட்டும்.

என் வகுப்புப் பெற்றோருக்கு நேற்றே எழுதிவிட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எனக்கு ஒரு செய்தி போடுங்கள், கடிதம் தேவையில்லை. மருந்து கொடுக்காமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு அனுப்புங்கள். அன்றன்றைய பாடத்தைக் கொப்பியில் எழுதிப் படம் எடுத்து அனுப்புவேன், போன் இல்லாத பிள்ளைக்கு, சுகமாகி வந்த பிறகு இடைவேளையில் இருத்திச் சொல்லிக்கொடுப்பேன். மற்ற ஆசிரியர்களும் உங்கள் வகுப்புக் குறூப்பில் இன்றைக்கே இதைப் போட்டுவிடுங்கள்.