247ஐயும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் 247 தமிழ் எழுத்தையும் மனப்பாடம் செய்வதால்தான் வாசிப்பில் பின்தங்குகிறார்கள் என்கிறது இங்கே வந்த கட்டுரை. அப்படிக் கற்பித்தால் பின்தங்கத்தான் செய்வார்கள். உயிர் 12, மெய் 18, அவற்றோடு துணைக்குறிகள் பிடிபட்டால் பெரும்பாலான உயிர்மெய்யைப் பிள்ளையே கூட்டி வாசித்துவிடும். கு, து, பு, மு என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம் எடுக்கும் உகர, ஊகார வரிசைகளின் 36 எழுத்தைத்தான் தனித்தனியே பழக்க வேண்டும். உண்மையான சிக்கல் ஒற்றைக்கொம்பில் (ெ) இருக்கிறது, எழுத்துக்கு முன்னால் நின்றாலும் அதன் ஒலி பின்னால்தான் வரும். காலையில் மலாய்ப் பாடத்தில் எழுத்து நிற்கும் வரிசையிலேயே ஒலியைக் கூட்டிய பிள்ளை, தமிழில் 'கொடி'யைப் பார்த்ததும் கொம்பில் தடுமாறி, துணைக்காலை (ா) 'ர' என்றெண்ணி 'கெரடி' என்று வாசிக்கும். அதைத் திட்டக் கூடாது, கண்ணில் பட்டதைத்தான் வாசித்திருக்கிறது. ஓர் அட்டையில் கொம்பையும் துணைக்காலையும் எழுதி, நடுவில் சன்னல் வெட்டி, பின்னால் க, த, ப, ம எழுதிய பட்டையை நகர்த்தினால் கொ, தொ, பொ, மொ ஒரே ஒலியாகப் பதியும். தினமும் 10 நிமிடம் போதும். சுங்கை சிப்புட் போன்ற இடங்களில், பிள்ளைகள் குறைந்து இரண்டு ஆண்டு வகுப்புகளை ஒன்றாக உட்காரவைக்கும் தோட்டப் பள்ளியிலும் இது நடக்கும், பெரிய பிள்ளை பட்டையை இழுக்க, சின்னது வாசிக்கும். மேலே கருத்து எழுதிய ஒருவர் கைப்பேசிச் செயலியே போதும் என்கிறார். வாசிக்க உதவலாம், ஆனால் கண்ணாடியில் விரலை இழுத்துப் பழகிய கைக்குப் பென்சிலை எவ்வளவு அழுத்துவது என்று தெரியாது. முதலில் மணலில், பிறகு தடித்த பென்சிலில், ட, ப என்று நேர்க்கோட்டு எழுத்துகளில் தொடங்குங்கள்.