வாயில் அதக்கும் புகையிலை ஆதித் தமிழர் வைத்தியமா?

திருகோணமலை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: வெற்றிலையோடு போயிலை போடுவது ஆதித் தமிழர் வைத்தியமாம், சிகரெட் கம்பெனிகள்தான் வியாபாரப் போட்டியில் அதைத் தடைசெய்ய வைத்தனவாம்.

இரண்டும் பிழை. வெற்றிலையும் பாக்கும் பழையவைதான். புகையிலையோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492இல் கொலம்பஸ் அங்கே போய் இறங்கிய பிறகே கடல் கடந்தது. நம் பக்கம் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர், கோணேசர் கோயிலை இடித்த அதே ஆட்கள். அவர்கள் இறக்கிய சரக்கை நம் பாட்டன் தலையில் கட்டுவது கொஞ்சம் அதிகம்.

கம்பெனிக் கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்காவின் கோபன்ஹேகன், சுவீடனின் எட்டான் இரண்டுமே 1822இல் தொடங்கிய புகையில்லாப் புகையிலை, அதாவது வாயில் அதக்கும் புகையிலை விற்கும் வணிகப் பெயர்கள். கோபன்ஹேகனை வைத்திருந்த நிறுவனத்தை 2009இல் வாங்கியது ஆல்ட்ரியா, அமெரிக்காவில் மார்ல்பரோ சிகரெட் விற்கும் குழுமம். எட்டானைத் தயாரிக்கும் சுவீடிஷ் மேட்சை 2022இல் வாங்கியது பிலிப் மொரிஸ் இன்டர்நேஷனல், அமெரிக்காவுக்கு வெளியே மார்ல்பரோ விற்கும் நிறுவனம். போட்டி எங்கே? இரண்டு இடத்திலும் சிகரெட்டுக்கும் போயிலைக்கும் முதலாளி ஒருவர்தானே!

இலங்கையில் 2016இல் வந்த தடைக்குப் பின்னால் இருப்பது வாய்ப்புற்றுநோய். போயிலையை விட்டு வெறும் பாக்கு மென்றாலும் தப்பில்லை என்பவர்களுக்கு: பாக்கே புற்றுநோய்க் காரணி என உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2004இல் அறிவித்துவிட்டது.

பெட்டிக்கடையில் மாவா (பாக்கும் புகையிலையும் சேர்த்த கலவை) கிடைக்கிறதே என்றால், கள்ளமாய்த்தான் கிடைக்கிறது.