உறைய வைத்த காய்கறி குறித்து ஒரு திருத்தம்

கடையில் வாங்கும் உறைந்த காய்கறிகள் இரசாயனம் நிறைந்தவை, அவற்றில் சத்தே இராது என்று கூறப்படுவது சரியன்று. -18 டிகிரி செல்சியஸில் நுண்ணுயிர்கள் பெருக முடியாது என்பதால், வெறும் காய்கறி மட்டுமே உள்ள பொட்டலத்துக்குப் பதப்பொருள் தேவைப்படுவதில்லை. உறைய வைப்பதற்கு முன் கொதிநீரில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுக்கும்போது வைட்டமின் சி ஓரளவு குறைவது உண்மைதான். ஆனால் பறித்த சில மணி நேரத்தில் உறைய வைக்கப்பட்ட பட்டாணியை, பல நாள் குளிர்பெட்டியில் கிடந்த பச்சைப் பட்டாணியுடன் ஒப்பிட்டால் (பலர் இதைச் செய்ய மறந்துவிடுகிறார்கள்), பின்னதில் ஏற்பட்ட இழப்பும் சிறிதன்று. நார்ச்சத்து பெரிதாக மாறுவதில்லை. கவனிக்க வேண்டியவை சாஸ் கலந்து விற்கப்படும் கலவைகளும் டப்பா சூப்புகளும்தான். அவற்றின் உப்பளவை உறையில் படித்துவிட்டு, சமைக்கும்போது தனி உப்பைக் கடைசியில் சுவை பார்த்துச் சேர்ப்பது நல்லது.