கோபம் வந்தால் மட்டும் நினைவுக்கு வரும் ஆர்மீனியர்கள்

2025 மே மாதம் பாகிஸ்தானுடன் சண்டை நடந்த சமயம். அவர்கள் ஏவிய ட்ரோன்கள் துருக்கியில் செய்தவை என்று நம் அரசு சொன்னதுதான் தாமதம், துருக்கி ஆப்பிள் வேண்டாம், இஸ்தான்புல் டூர் வேண்டாம் என்று இங்கே ஒரே ஆவேசம். அந்தச் சூட்டில் சிலர் இன்னொன்றும் எழுதினார்கள்: 1915-ல் இன்றைய துருக்கிக்கு முந்தைய ஒட்டோமான் பேரரசு ஆர்மீனியர்களைக் கொன்றழித்ததை இனப்படுகொலை என்று இந்தியா உடனே அங்கீகரிக்க வேண்டுமாம். அதற்கு முந்தைய வாரம்வரை அவர்களில் எத்தனை பேருக்கு ஆர்மீனியா நினைவில் இருந்திருக்கும்?

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பெரிய பெரிய நாடாளுமன்றங்களே இப்படித்தான். துருக்கியின் தயவு வேண்டியிருக்கும்வரை "அதை வரலாற்றாசிரியர்களிடம் விட்டுவிடுவோம்" என்பார்கள். உறவு கசந்தால் மறுநாளே தீர்மானம் வரும்.

வரலாற்றாசிரியர்களில் ஆகப் பெரும்பாலோர் எப்போதோ முடிவுக்கு வந்துவிட்டார்கள். 1915 ஏப்ரல் 24 இரவு கான்ஸ்டான்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஆர்மீனிய எழுத்தாளர்கள், வக்கீல்கள், மதகுருமார், பத்திரிகைக்காரர்கள் என்று 200-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்புறம் ஊர் ஊராக ஆண்களைத் தனியே பிரித்துக் கொன்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்கவிட்டார்கள். வழியில் சாகாமல் டெய்ர் எஸ்ஸோர் வரை போய்ச் சேர்ந்தவர்களையும் விடவில்லை. செத்தவர்கள் 6 லட்சம் என்பதிலிருந்து 15 லட்சம் வரை கணக்குகள் இருக்கின்றன. யாருக்கும் தெரியாமல் நடந்த காரியமும் இல்லை. அந்த மே மாதமே பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் இதை மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று கூட்டாக அறிவித்தன. ஓர் இனத்தையே அழிக்கிறார்கள் என்று ஜூலையில் அமெரிக்கத் தூதர் மோர்கென்தாவ் வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தார். போர் முடிந்தபின் 1919-ல் ஒட்டோமான் ராணுவ நீதிமன்றமே, அன்று உள்துறை அமைச்சராக இருந்து இதை நடத்திய தலாத் பாஷாவுக்கு மரண தண்டனை விதித்தது. ஆள் அதற்குள் பெர்லினுக்குத் தப்பிப் போயிருந்தார்.

இவ்வளவு சாட்சியம் இருந்தும் நூறு வருஷம் இழுத்தடித்தது ஏன் என்பதற்கு அமெரிக்காவின் கதை ஒன்றே போதும். 2000 அக்டோபரில் பிரதிநிதிகள் சபையில் தீர்மானம் வரவிருந்தது. வேண்டாம் என்று அதிபர் கிளின்டன் ஒரு கடிதம் எழுதினார். சபாநாயகர் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 2007-ல் குழுவைத் தாண்டிய தீர்மானத்தை புஷ் அரசு முடக்கியது. இராக் போருக்குத் துருக்கியிலுள்ள இன்சிர்லிக் விமானத்தளம் வேண்டுமே! 2008-ல் ஓட்டுக் கேட்கும்போது, ஜெயித்தால் இனப்படுகொலை என்றே சொல்வேன் என்று ஒபாமா வாக்குக் கொடுத்தார். எட்டு வருஷமும் ஏப்ரல் 24-க்கு அறிக்கை விட்டார், அந்தச் சொல் மட்டும் வரவே இல்லை. ஆர்மீனியாவில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜான் எவன்ஸ் 2005-ல் அதைப் பொதுமேடையில் சொல்லிவிட்டார். மறுவருஷம் ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் அவர் பதவி போய்விட்டது.

2019-ல் நடந்தது இன்னும் தமாஷ். அக்டோபர் 9 அன்று துருக்கிப் படை வடகிழக்கு சிரியாவுக்குள் புகுந்து, அமெரிக்காவின் கூட்டாளிகளான குர்துகளைத் தாக்கியது. சரியாக இருபதாம் நாள் பிரதிநிதிகள் சபை தீர்மானத்தை 405-க்கு 11 என்று நிறைவேற்றியது. துருக்கி மீதான தடை மசோதாவும் அதே நாளில் நிறைவேறியது. அக்டோபர் 29 துருக்கியின் குடியரசு நாள் வேறு. நவம்பரில் துருக்கி அதிபர் எர்டோகன் வெள்ளை மாளிகைக்கு வந்துபோன கையோடு செனட்டில் அதே தீர்மானத்தைச் செனட்டர் லிண்ட்சே கிரஹாம் தடுத்தார். டிசம்பரில் ஒருவழியாக நிறைவேறியது. 2021-ல் பைடன் வாய்திறந்து சொன்னார். 2025 ஏப்ரலில் டிரம்ப் வெளியிட்ட அறிக்கையில் அந்தச் சொல் மறுபடி காணாமல் போயிற்று.

405-க்கு 11 வாக்கெடுப்பில் சபை உறுப்பினர் இல்ஹான் ஒமர் எந்தப் பக்கமும் போடாமல் ஒதுங்கினார். அரசியல் சண்டைக்கு இனப்படுகொலையைத் தடியாக எடுக்கக்கூடாது என்பது அவர் வாதம். வாதம் சரி. ஆனால் நோக்கம் கோணலாக இருக்கிறது என்பதற்காக உண்மைக்கு ஓட்டுப் போடாமல் இருக்க முடியுமா? இந்தியாவும் அங்கீகரிக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. துருக்கியோடு சச்சரவில்லாத ஒரு வருஷமாகப் பார்த்துச் செய்தால் அதற்கு மரியாதை இருக்கும்.

இந்தத் தீர்மானங்களில் எனக்கு மதிப்பு உண்டாக்கியது ஜெர்மனியின் 2016 ஜூன் தீர்மானம். அன்று ஒட்டோமான்களின் போர்க்கூட்டாளியாக இருந்த ஜெர்மனி எல்லாம் தெரிந்தும் தடுக்கவில்லை என்று தன்மீதும் பழி ஏற்றுக்கொண்ட தீர்மானம் அது. எதிர்த்து ஒரே ஓட்டு. ஆதரித்த துருக்கிய வம்சாவளி எம்.பி.க்களுக்குக் கொலை மிரட்டல் வந்து போலீஸ் பாதுகாப்புப் போட வேண்டியதாயிற்று. துருக்கியோடு அகதிகள் ஒப்பந்தம் போட்டு மூன்று மாதம்கூட ஆகாத நிலையில் ஜெர்மன் சான்சலர் மெர்கல் வாக்கெடுப்புக்கே வரவில்லை. ஜெர்மன் எம்.பி.க்களை இன்சிர்லிக் தளத்துக்குள் விடமாட்டேன் என்று துருக்கி முறுக்கிக்கொண்டபோது, தீர்மானம் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது என்று அவர் அரசின் செய்தித் தொடர்பாளர் விளக்கம் கொடுத்தார். முதலில் உன் பழைய காலனியான நமீபியாவுக்குப் பதில் சொல் என்றார் எர்டோகன். தன் ஊர்க் குற்றத்தை மறைக்க அடுத்தவன் குற்றத்தைக் காட்டினார் என்றாலும் கேள்வியில் நியாயம் இருந்தது. அங்கே ஹெரேரோ, நாமா மக்களைக் கொன்றதை இனப்படுகொலை என்று ஜெர்மன் அரசு ஒப்புக்கொண்டது 2021-ல்தான். அப்போதும் இழப்பீடு என்ற பேச்சே எடுக்கவில்லை.

ஹ்ரான்ட் டிங்க் நினைவுக்கு வருகிறார். இஸ்தான்புல்லில் ஆகோஸ் பத்திரிகை நடத்திய ஆர்மீனியர். துருக்கியரை இழிவுபடுத்தினார் என்று சொந்த நாட்டில் தண்டனை பெற்றவர். இனப்படுகொலையை மறுத்தால் சிறை என்று பிரான்ஸ் சட்டம் கொண்டுவரப் பார்த்தபோது, அங்கே போய் மறுத்துப் பேசி அந்தச் சட்டத்தை மீறுவேன் என்றார். துருக்கியில் வாயை அடைப்பவனும் பிரான்ஸில் வாயை அடைப்பவனும் அவருக்கு ஒன்றுதான். 2007 ஜனவரி 19 அன்று ஆகோஸ் வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். சுட்டவனுக்கு 17 வயது. இறுதி ஊர்வலத்தில் துருக்கியர்கள் பெருங்கூட்டமாக "நாம் எல்லோரும் ஆர்மீனியர்" என்று பதாகை பிடித்து நடந்தார்கள். என்னைக் கேட்டால் எந்தத் தீர்மானத்தையும்விட அந்த ஊர்வலம் பெரிய அங்கீகாரம்.

இப்போது ஆர்மீனியப் பிரதமர் பஷினியானே, சர்வதேச அங்கீகாரம் எங்கள் முன்னுரிமை இல்லை என்கிறார். பெய்ரூட், மார்சேய், லாஸ் ஏஞ்சல்ஸ் என்று சிதறிக் கிடக்கும் தப்பிப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கடுங்கோபம். எனக்கு அவர் நிலைமை புரிகிறது. துருக்கி எல்லை 1993 முதல் மூடிக்கிடக்கிறது. 2023 செப்டம்பரில் அஜர்பைஜான் படை தாக்கி, கராபாக்கிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் சில நாட்களில் ஓடிவந்தபோது, தீர்மானம் போட்ட நாடுகள் எதுவும் அதைத் தடுக்கவில்லை. கேட்பதை நிறுத்திக்கொள்கிறேன் என்றால் நிறுத்தட்டும். ஆனால் 2025 ஜனவரியில் சூரிச்சில் அவர் ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள்: 1939-ல் இல்லாத இந்தக் கோரிக்கை 1950-ல் எப்படி முளைத்தது என்று. மறுப்பவர்கள் காலங்காலமாகக் கேட்கும் கேள்வி அது. 1939-ல் யெரெவானில் ஸ்டாலின் ஆட்சி, யார் வாய் திறந்திருக்க முடியும்? 1965-ல் ஐம்பதாவது ஆண்டில் ஒரு லட்சம் பேர் தெருவில் இறங்கிய பிறகல்லவா நினைவுச்சின்னம் எழும்பியது! யெரெவானில் பத்திரிகைக்காரராக இருந்தவருக்கு இதெல்லாம் தெரியாதா?