அத்திவாரத்தில் நின்று ஒரு வீட்டைச் சின்னது என்று சொல்லாதீர்கள்

நம் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் கட்டிக்கொண்டிருக்கிற ஒரு வீட்டைச் சின்னது என்று காட்டுகிற அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்த்த கையோடு எனக்கும் அனுப்பினீர்கள். லிங்கை இங்கே நான் போடவில்லை. அதற்கு இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொடுக்க மனமில்லை.

முதல் வரிக் கல்கூட இன்னும் ஏறவில்லை. கருங்கல் அத்திவாரம் மட்டும் முடிந்திருக்கிறது. அதற்கு நடுவில் நின்றுகொண்டு "இதுதான் வீடாம், கோழிக்கூடு" என்று அந்தத் தம்பி போனைச் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறார். பக்கத்தில் அந்த வீட்டுக்கார அம்மா நிற்கிறார். சேலைத் தலைப்பைப் பிடித்த கை அப்படியே இருக்கிறது, வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அன்று இரவே கொழும்பில் கடையில் நிற்கும் மகன் கோல் எடுத்து வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டான். வீட்டைக் கட்டுகிற பாஸ், அதாவது மேசன், அடியைக் குறைத்துவிட்டாராம். எவ்வளவு குறைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. எதை வைத்து அளந்தார்கள் என்றும் கேட்கவில்லை. ஏனென்றால் யாருமே அளக்கவில்லை. கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கட்டிக்கொண்டிருக்கிற வீட்டின் அளவைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எனக்கும் முடியாது, உங்களுக்கும் முடியாது, வருடக்கணக்காகக் கல் வைக்கிற பாஸுக்கும் முடியாது. அதனால்தான் அவர் இடுப்பில் டேப் இருக்கிறது.

ஏன் சின்னதாகத் தெரிகிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காணி ஏழு பேர்ச்சஸ். ஒரு பேர்ச்சஸ் 272 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. ஏழும் சேர்ந்தால் ஏறத்தாழ 1,906 சதுர அடி. வீடு 550 சதுர அடி. இந்திய உதவியில் நம் தோட்டங்களில் கட்டிய 4,000 வீடுகளுக்கும் இதே அளவுதான். அதாவது வெட்டித் துப்புரவாக்கிய காணியில் மூன்றில் ஒரு பங்கைக்கூட வீடு பிடிக்காது. பின்னால் மண்மேடு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. அதற்கு மேலே தேயிலை மலை, அதற்கும் மேலே வானம். இவ்வளவுக்கும் கீழே முழங்கால் உயரத்தில் அத்திவாரக் கல். கண் எதோடு எதை ஒப்பிடும்? மலையோடுதான் ஒப்பிடும். மலைக்குப் பக்கத்தில் எந்த வீடு பெரிதாகத் தெரியும்?

இன்னொன்றும் உண்டு. அத்திவாரக் கல் சுவரைவிட அகலம். சுவர் நடுவிலிருந்து சுவர் நடுவுக்கு 10 அடி என்று பிளானில் போட்ட அறையை எடுத்துக்கொள்ளுங்கள். அத்திவாரம் ஓர் அடி அகலமென்றால், உள்ளே நிற்கிறவருக்கு இரண்டு கல்லுக்கும் இடையில் 9 அடிதான் தெரியும். மேலே ஆறு அங்குல புளொக் கல் ஏறியதும் அதே அறை ஒன்பதரை அடி ஆகிவிடும். பிறகு இரண்டு பக்கமும் அரை அங்குலம் பூச்சு பூசினால் 9 அடி 5 அங்குலம். யாரும் திருடவில்லை, யாரும் கூட்டித் தரவும் இல்லை. பிளான் மாறவில்லை, அளவுக்குக் கட்டிய நூல் மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்க்கிறவருக்கு அது வேறு வேறு அறை.

எங்கள் வீடு கட்டியபோது நான் இதை நேரில் பார்த்தேன். கட்டியது என் அண்ணன். அவரும் பாஸ்தான், கொழும்பில் மாடி வீடுகளுக்குக் கல் வைத்தவர். ஆணி அடித்து நூல் கட்டிய அன்று அம்மாவைக் கூட்டிவந்து காட்டினோம். அம்மா நூலுக்குள் போய் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, இதுக்குள்ள கால நீட்டிப் படுக்க முடியுமாடா?" என்றார். அண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே லிண்டல் போட்டதும் வந்து பார்த்தவர், "என்னடா இது, பள்ளிக்கூட ஹோல் மாதிரி இருக்கு, இத யாரு கூட்டுறது?" என்று கேட்டார். அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கூரைச் சீட் ஏறியதும் உள்ளே இருட்டாகிவிட்டது. முட்டுக் கம்புகள் ஒரு பக்கம், சீமெந்து பேக் ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம். மறுபடியும் "சின்னதாப் போச்சே" என்று ஆரம்பித்தார். எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டு, வெள்ளை பெயின்ட் அடித்து, ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டதும் வீடு திரும்பவும் விரிந்தது. கட்டிலும் அலமாரியும் வந்த பிறகுதான் ஒரு நிலைக்கு வந்தது. அம்மா தன் கையால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சாண் வைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

பனி மூடிய காலையில் அதே அத்திவாரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மலை தெரியாது, மேடு தெரியாது, பக்கத்துக் காணி தெரியாது. அன்றைக்கு அது பெரிய வீடு. பத்து மணிக்கு வெயில் வந்ததும் சுருங்கிவிடும். எங்கள் காணியில் இதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். அந்தத் தம்பி பனி நேரத்தில் வந்திருந்தால் வேறு வீடியோ போட்டிருப்பார்.

இப்போது கமெண்டில் வரப்போவது எனக்குத் தெரியும்.

"அப்போ கொந்தராத்துக்காரர்கள் யாரும் ஏமாற்றுவதே இல்லையா?" ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்காகத்தான் டேப் பிடியுங்கள் என்கிறேன். பிளானைக் கையில் எடுங்கள். அதில் போட்டிருக்கும் அளவு சுவரின் நடுவிலிருந்தா, வெளிப்பக்கத்திலிருந்தா, உள்ளே காலியாக வருகிற அளவா என்று முதலில் கேளுங்கள். பிறகு அளந்து பாருங்கள். மூலைக்கு மூலை குறுக்காகவும் பிடித்துப் பாருங்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து, இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்தால் மூலை நேராக நிற்கிறது. 22க்கு 25 அடி வெளியளவு உள்ள வீட்டில், உள்சுவரையும் சேர்த்தால் 60 சதுர அடிக்கு மேல் சுவரே எடுத்துக்கொள்ளும். இதைத் தெரிந்துகொள்ளாமல் உள்ளே மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு "550 இல்லையே" என்று கத்தினால், கத்துகிறவருக்கு லைக் வரும். பாஸின் பிழைப்புப் போய்விடும். இரண்டும் இந்த ஊரில் நடந்திருக்கிறது.

"அப்போ 550 சதுர அடி போதும் என்கிறீர்களா?" இந்தக் கேள்விதான் எனக்குக் கோபத்தை ஏற்றுகிறது. நான் எங்கே அப்படிச் சொன்னேன்? 20 பேர்ச்சஸ் காணி வேண்டும் என்று கேட்டவர்கள் நம்மில் இருக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம் நிற்கிறவள்தான். கூட்டத்தில் கேளுங்கள், பாராளுமன்றத்தில் கேட்க வையுங்கள், பிளான் போடுகிற மேசைக்கு முன்னால் போய்க் கேளுங்கள். பிளான் முடிந்து, கல் இறங்கி, ஓர் அம்மா தன் வாழ்நாளில் முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அவர் முகத்துக்கு நேரே போனைப் பிடித்துக்கொண்டு கேட்காதீர்கள். அது உரிமைக் குரல் இல்லை.

"நீங்க எந்தக் கட்சி?" இதற்குப் பதில் சொல்ல மாட்டேன்.

இனி அந்த மகன் என்ன கேட்டான் என்பதைச் சொல்கிறேன். நான் இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். வீடியோவைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் இன்னும் மூன்று அடி தள்ளிக் கட்டச் சொன்னானாம். மேட்டை வெட்டினால் இடம் வருமாம். பாஸ் முடியாது என்றார். அதற்குத்தான் அவரைத் திருடன் என்றார்கள். மூன்று அடி! பின்னால் நிற்பது வெறும் மண். அடியை வெட்டினால் மேலே நிற்கிற மண்ணுக்கு எது பிடி? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள், நம் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனதை நாம் மறந்துவிட்டோமா? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியாவிலும் கண்டியிலும் பதுளையிலும் மலை இறங்கியதைப் பார்த்தோமே. அந்த இரவுகளில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடியதை நான் மறக்கவில்லை. காணியைப் பார்த்து, எதுவரை வெட்டலாம் என்று கோடு போட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள். கண்ணுக்குச் சின்னதாகத் தெரிகிறது என்பதற்காக அந்தக் கோட்டைத் தாண்டச் சொல்கிற பிள்ளையை என்ன சொல்வது? அவனைக்கூட நான் பெரிதாகக் குறை சொல்லவில்லை. தூரத்தில் இருக்கிறான், அம்மா மேல் உள்ள பாசத்தில் சொல்கிறான். அவனுக்கு அந்தப் படத்தைக் காட்டியவரைத்தான் கேட்கிறேன்.

லயக் காம்பரா, அதாவது லயத்து அறை, எத்தனை அடி என்று அந்தத் தம்பிக்குத் தெரியுமா? பொதுவாகப் பத்துக்குப் பன்னிரண்டு. 120 சதுர அடி. அதற்குள்தான் என் தாத்தா, அப்பாயி, அப்பா, சித்தப்பாமார் இரண்டு பேர், கலியாணம் கட்டி வந்த என் அம்மா. முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதாவது திண்ணை. மழைக்கு அதிலும் படுக்க முடியாது. வயசுக்கு வந்த பிள்ளை உடை மாற்ற வேண்டுமென்றால் ஆம்பளைகள் எல்லோரும் வெளியே போய் நிற்க வேண்டும். நான் அப்படி வளர்ந்தவள். பக்கத்துக் காம்பராவில் இருமினால் இந்தப் பக்கம் தூக்கம் கலையும். எங்கள் ஆட்கள் இந்த மலைக்கு வந்து 200 வருசம் என்று 2023இல் விழா எடுத்தார்களே, நடைபயணம் போனார்களே, அந்த 200 வருசத்தில் எத்தனை பேர் காம்பராவுக்குள் டேப் பிடித்துப் பார்த்தார்கள்? கோழிக்கூடு என்ற வார்த்தை அப்போது எங்கே போயிருந்தது? அதைப் படம் எடுக்க வந்தவர்கள் வந்தார்கள், சுவரில் சாய்ந்து நிற்கிற பிள்ளைகளைப் படம் எடுத்தார்கள், போனார்கள். நாங்கள் பாவப்பட்டவர்களாக நின்றவரைக்கும் அழகாக இருந்தோம். நாலு கல்லை எங்கள் பெயரில் வைத்ததும் குறை தெரிகிறது.

புது வீட்டுக்கு வந்த பிறகு என் அம்மா ரொம்ப நாள் தன் அறையில் தூங்கவில்லை. பாயை எடுத்துக்கொண்டு வந்து ஹோலில், நாங்கள் எல்லோரும் கண்ணில் படுகிற இடத்தில் போட்டுக்கொள்வார். "தனியா அவ்வளவு பெரிய எடத்துல எனக்கு நெஞ்சு அடைக்குது" என்பார். 9 அடி 5 அங்குல அறையைத்தான் சொன்னார். நூல் கட்டிய அன்று கால் நீட்ட முடியாது என்ற அதே அறை. அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. ஒரு மனுசிக்கு எத்தனை வருசம் இடம் மறுத்திருந்தால் 89 சதுர அடி பெரிதாகத் தெரியும்? இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. இந்த வலியைத் தெரியாதவர் வந்து அத்திவாரத்தில் நின்று எங்களுக்காகக் கோபப்பட வேண்டியதில்லை. எங்கள் கோபம் எங்களிடம் நிறையவே இருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியும். காணி உறுதிப் பத்திரம் இன்னும் கைக்கு வராத குடும்பங்கள் எங்கள் தோட்டத்திலேயே இருக்கின்றன. அதற்கு ஒரு வீடியோ போடுங்கள். தண்ணீர்க் குழாய் வராத வீடுகளுக்குப் போடுங்கள். மழைக்காலத்தில் ஒரு லொறி ஏற முடியாத பாதைக்குப் போடுங்கள். அங்கெல்லாம் கண் ஏமாற்றாது.

அந்த பாஸ் யார் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவரும் லயத்தில் பிறந்தவர். இந்தத் தோட்டத்தில் எழும்பிய வீடுகளில் பாதி அவர் கைபட்டவை. ஒரு வீட்டில்கூட மூலை கோணியதில்லை. வீடியோவில் அவர் முகத்தையும் காட்டியிருக்கிறார்கள். அவர் மகள் என் வகுப்பில்தான் படிக்கிறாள். திங்கட்கிழமை பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க அவர்கள் வீட்டுப் படியேற எனக்கே கூச்சமாக இருந்தது. போனேன். அவர் மனைவிதான் பேசினார், அவர் உள்ளேயே இருந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அண்ணனும் பிளானும் டேப்பும் எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் காணிக்குப் போகிறோம். மகனையும் வீடியோ கோலில் வரச் சொல்லியிருக்கிறேன், சரி என்றிருக்கிறான். ஒவ்வொரு அளவையும் அவன் கண் முன்னால் பிடித்துக் காட்டுவோம். குறைந்திருந்தால் நானே இங்கே எழுதுவேன், கொந்தராத்தை எடுத்தவர் வீட்டு வாசலுக்கும் முதல் ஆளாகப் போவேன். சரியாக இருந்தால், தம்பி, நீங்கள் அந்த வீடியோவை எடுத்துவிட்டு, பாஸ் பெயரைச் சொல்லி, அவர் அளவு சரி என்று அதே பக்கத்தில், அதே சத்தத்தில் சொல்ல வேண்டும். இன்பொக்ஸில் எனக்கு "சொரி அக்கா" என்று அனுப்பியதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. சொல்ல வேண்டியது என்னிடம் இல்லை.